எங்கள் வீட்டு இரவல் கீப்பர்

என் வீட்டுக்காரர் கோல்கீப்பர். இதை யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி, "அது சரி, வேலை என்ன?" என்பதுதான். முன்பெல்லாம் பொறுமையாக விளக்குவேன். இப்போது, "பேங்க்ல மேனேஜர்" என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களுக்கும் மனம் குளிர்ந்துவிடுகிறது, எனக்கும் நேரம் மிச்சம்.

நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். வலது கைச் சுண்டுவிரல் ஒரு திசையைப் பார்க்கும், மோதிரவிரல் வேறு திசையைப் பார்க்கும். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி. ஆட்டத்துக்கு முன்னால் விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து டேப் சுற்றிப் பல்லால் கிழிப்பார். அந்த டேப் துண்டுகள் என் வீட்டில் ஒட்டாத இடம் கிடையாது. ஒருநாள் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், முதுகில் ஒரு துண்டு ஒட்டியிருந்ததைத் தெரியாமலே சாயங்காலம் வரை விற்பனை செய்திருக்கிறேன். வீட்டில் கண்ணாடிச் சாமான் உடைந்ததாகச் சரித்திரமே இல்லை. கை தவறினால் தரையைத் தொடுமுன் பிடித்துவிடுவார். ஆனால் கரண்ட் பில் கட்டச் சொன்னால் மட்டும் அது கைக்கு அகப்படவே அகப்படாது.

பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வந்தவர். வந்தவர் என்ன, அனுப்பி வைக்கப்பட்டவர். பெரிய கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களைச் சின்னக் கிளப்புக்கு ஒரு சீசனுக்கு அனுப்பி வைக்கும். அங்கே பெஞ்சு தேய்ப்பதற்கு இங்கே ஆடித் தேறட்டும் என்று கணக்கு. அதற்கு லோன் என்று பெயர். நான் இரவல் என்பேன். கடப்பாரையும் ஏணியும் இரவல் கொடுப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். மனுஷனைக் கொடுப்பதை இந்தத் தொழிலில்தான் பார்த்தேன். தேறிய பையனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இவர் தேறித்தான் இருந்தார். அந்த சீசனில் இவரைத் தாண்டிப் பந்து போவது குதிரைக்கொம்பாக இருந்தது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். சீசன் முடிந்தது, பெட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தார். "அங்கேயே இருந்துக்கட்டும்" என்று யாரோ போனில் சொன்னார்களாம். யார் என்றுகூட இவருக்குத் தெரியாது. அவ்வளவுதான், தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் என் கடைக்கு வலி ஸ்பிரே வாங்க வர ஆரம்பித்தார். தினமும் வந்தார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு வலியா என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன், மக்கு. கல்யாணம் ஆகிப் பதினைந்து வருஷம் ஆகிறது.

அந்தப் பெரிய கிளப்பைப் பற்றி இவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அதுதான் எனக்கு எரியும். திட்டித் தீர்த்திருந்தால் விட்டுப் போயிருக்கும். இவருக்கு ஒரே ஒரு ஆசை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார்: "அவங்களுக்கு எதிரா ஒரே ஒரு மேட்ச் நிக்கணும். முழுசா. அவங்க பார்க்கணும்." அப்புறம் சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? அவர்கள் முதல் டிவிஷன், நாங்கள் இரண்டாவது. சந்திக்க வாய்ப்பே அமையாமல் வருஷங்கள் ஓடின. இவருக்கும் முப்பத்தைந்து ஆயிற்று.

என் அண்ணனுக்கு டயர் கடை. சீசன் இல்லாத மாதங்களில் இவர் அங்கே போய்க் கூடமாட வேலை செய்வார். அண்ணன் வாய் சும்மா இருக்காது. "மாப்பிள்ளை, பந்து பிடிச்சது போதும். இனிமே டயரைப் பிடிங்க. இது நீங்க விட்டாலும் யாரும் கூச்சல் போட மாட்டாங்க" என்பான். கடையில் இருக்கிற பயல்கள் எல்லாம் பல்லைக் காட்டுவார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். நான் அங்கே இருந்தால் அண்ணன் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

போன சீசன் தொடங்குவதற்கு முந்தின வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோச் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு பையன். சக்கரம் வைத்த பெட்டி, காதில் ஏதோ மாட்டியிருந்தான், தோளில் விலை உயர்ந்த பை. எங்கள் வீட்டில் மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. வெளியூர் ஆட்டக்காரர்களைக் கிளப் அங்கே தங்க வைப்பது வழக்கம்தான். முன்னால் இருந்த பையன்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தார்கள், ஒருவன் எனக்குக் குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டே போனான். அதனால் நான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

"தம்பி பெரிய கிளப்லேருந்து லோன்ல வந்திருக்கு. ஒரு சீசன்தான்" என்றார் கோச். எந்தக் கிளப் என்று சொன்னதும் நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"என்ன பொசிஷன்?" என்று நான்தான் கேட்டேன்.

கோச் தண்ணீர் டம்ளருக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு, "கீப்பர்" என்றார்.

வீட்டில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அப்படி ஒரு புழுக்கம். பையன் மட்டும் ஒன்றும் புரியாமல், "வைஃபை இருக்கா அண்ணி?" என்று கேட்டான்.

"நான் எப்பப்பா உனக்கு அண்ணி ஆனேன்?" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கோச்சை வாசலில் மடக்கிக் கேட்டதில்தான் முழு விஷயமும் வெளியே வந்தது. உடம்பு சரியாக இருக்கும்வரை அந்தப் பையன்தான் ஆட வேண்டும் என்று ஒப்பந்தமாம். அவன் சம்பளத்தைப் பெரிய கிளப்பே கொடுத்துவிடும், பதிலுக்கு எங்கள் கோல் கம்பத்துக்குள் அவன் நின்று பழகிக்கொள்வான். "அப்ப இவரு?" என்றேன். "பெஞ்சுல இருப்பார். அனுபவசாலி இருந்தா பையனுக்கும் நல்லது" என்றார். என் புருஷன் இடத்தை எடுத்துக்கொண்டவனுக்கு என் புருஷனே நல்லது செய்ய வேண்டுமாம், நான் சோறும் போட வேண்டுமாம். தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றால் இதுதான். "இந்தக் கதையை எல்லாம் உங்க வீட்ல வச்சுக்கக் கூடாதா? உங்க வீட்லயும் மாடி இருக்குல்ல?" என்று கேட்டேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார், அது கிளம்பவில்லை.

இவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சாப்பாட்டுல குறை வைக்காதே." சரி, வைக்கவில்லை. ஆனால் சிரித்த முகத்தோடு பரிமாறு என்று யாரும் சொல்லவில்லையே.

பையனுக்கு வாயைத் திறந்தால் "எங்க கிளப்ல." எங்க கிளப்ல முட்டை வேற மாதிரி வேக வைப்பாங்க. எங்க கிளப்ல கையுறையை நாங்களே துவைக்க மாட்டோம், அதுக்கு ஆள் இருக்கு. எங்க கிளப்ல தரை புல்லு மெத்தை மாதிரி. கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஒருநாள், "உங்க கிளப்ல எல்லாம் இருக்கே, உன்னை வச்சுக்க மட்டும் இடம் இல்லாமப் போச்சா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

துணிக்கொடியில் இரண்டு ஜோடிக் கையுறைகள் தொங்கின. கீப்பர் கையுறையின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரமும் வியர்வையும் ரப்பரும் சேர்ந்து, செத்த எலி தோற்றுப் போகும். இவருடையது ஓரம் கிழிந்து ஒட்டுப் போட்டது. அவனுடையது பளபளவென்று, ஒவ்வொரு வாரமும் புதுசு. இவருடையதில் சேறே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கிருந்து சேறு ஒட்டும்? ஆனாலும் இவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய் வந்து துவைத்துப் போட்டார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இவர் ஒன்றும் மகான் இல்லை. பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சியில் இரண்டு கீப்பர்களும் ஒருவருக்கொருவர் பந்து அடித்துக்கொடுக்க வேண்டும். இவர் அடிப்பார், கணக்குக்கு அடிப்பார், பையனுக்கு எது வராதோ அதை மட்டும் அடிக்க மாட்டார். எது வராது என்பது முதல் வாரத்திலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது. கோச் கெஞ்சிப் பார்த்தார், "கொஞ்சம் சொல்லிக்குடேன்பா." அதற்கு இவர் சொன்ன பதில் கிளப் முழுக்கப் பரவிவிட்டது: "என் நாற்காலியில உட்கார வச்சதும் இல்லாம, தலையும் சீவி விடணுமா?"

பையனுக்கு வராதது இதுதான். கோல் கோட்டில் நின்றால் புலி. நேராக வருகிற பந்தை எப்படியாவது தட்டிவிடுவான். ஆனால் ஓரத்திலிருந்து கூட்டத்துக்கு மேலே தூக்கிப் போடுகிற பந்து இருக்கிறதே, அதற்குக் கீப்பர் கோட்டை விட்டு வெளியே வந்து, பத்துத் தலைக்கு நடுவே எகிறிப் பிடிக்க வேண்டும். பையன் வரமாட்டான். கால் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். எதிரணிக்காரன் நிதானமாகத் தலையால் முட்டி உள்ளே அனுப்புவான். எங்கோ சின்ன வயதில் மோதித் தாடை பெயர்ந்ததாம், அந்தப் பயம்.

மூன்று நாலு ஆட்டத்தில் டிவிஷன் முழுக்க விஷயம் தெரிந்துபோய்விட்டது. யாரோடு ஆடினாலும் ஓரத்திலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டார்கள். நாங்கள் மளமளவென்று கீழே இறங்கினோம். ஜனங்கள் கேலரியில் எழுந்து நின்று, "இரவலைத் திருப்பிக் கொடு!" என்று கத்தினார்கள். கறிக்கடைக்காரர் எனக்கு எலும்பாகவே நிறுத்துப் போட்டார், "உங்க வீட்ல தங்கியிருக்கானே, அவனுக்குப் போடுங்க" என்று. கோச்சின் ஸ்கூட்டர் டயரை எவனோ கிழித்தான்; அது என் அண்ணன் கடைக்குத்தான் வந்தது, அவனுக்குக் கொண்டாட்டம். பெரிய கிளப்பிலிருந்து ஒரு ஆள் மாதத்துக்கு ஒருமுறை வந்து, கேலரி மூலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பையனைப் பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் போவார். எல்லோருக்கும் எல்லோர் மேலும் கோபம். பையன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பான். அழுகிற சத்தம் ஒன்றிரண்டு நாள் கேட்டது. நான் டிவியைச் சத்தமாக வைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோப்பைப் போட்டியின் குலுக்கல் வந்தது. இரண்டு டிவிஷன் கிளப்புகளையும் ஒரே பானையில் போட்டுக் குலுக்கி யாரோடு யார் என்று எடுப்பார்கள். இத்தனை வருஷமாக வராத அந்தப் பெரிய கிளப், இந்த முறை எங்கள் கிளப் பெயருக்கு எதிரே வந்து விழுந்தது. ஆட்டம் எங்கள் மைதானத்தில்.

அதில் ஒரு விதி இருக்கிறது. இரவல் போன ஆட்டக்காரன் தன் சொந்தக் கிளப்புக்கு எதிராக ஆடக்கூடாது. நாளைக்கு ஏதாவது பந்தை விட்டுவிட்டால், வேண்டுமென்றே விட்டான் என்று பேச்சு வருமே. ஆகவே அந்த ஒரு ஆட்டத்துக்குப் பையன் கேலரியில், இவர் கம்பத்தில். கோச்சே இவர் தோளைத் தட்டி, "இது உனக்குத்தான்" என்றார்.

மனுஷனைப் பார்க்க வேண்டுமே! காலையில் நான் கண் விழிக்கும்போது ஓடிவிட்டு வந்திருப்பார். இரவில் சோற்றைக் குறைத்தார். பாத்ரூமில் பாடினார், கேட்க முடியாத குரல், கேட்டுக்கொண்டே நின்றேன். என் அண்ணனிடம், "அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு வாங்க மச்சான்" என்று இவரே வாயைத் திறந்து சொன்னார். பையனிடம்கூட ஒருநாள் உப்பை நகர்த்தி வைத்தார். எனக்கும் அந்த இரண்டு வாரம் யார்மீதும் எரிச்சல் வரவில்லை. மருந்துக்கடை முதலாளி, "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், இவர் பயிற்சியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அனுமதி குடுத்துட்டாங்களாம்" என்றார்.

"யாரு? எதுக்கு?"

"அவங்க கிளப். பையன் ஆடலாமாம். அவங்களுக்கு ஆட்சேபணை இல்லையாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நேராகக் கிளப்புக்குப் போனேன். கோச் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாராக இருந்தால் எனக்கென்ன?

"இது உனக்குத்தான்னு சொன்னீங்களே, அது எந்த வாய்?" என்றேன்.

"அம்மா, உட்காருங்க. சொந்தக் கிளப்பே விட்டுக்குடுத்தா விதி தடுக்காது. அவன் ஆட முடியும்னா அவன்தான் ஆடணும், ஒப்பந்தம் அப்படி. என் கையில ஒண்ணும் இல்லை."

"அப்ப அந்த ஒப்பந்தத்தையே கொண்டுபோய் கோல் கம்பத்துல நிறுத்துங்க. அது பிடிக்குதா பார்ப்போம்."

"நீங்க கோபத்துல பேசறீங்க..."

"பின்ன, கொஞ்சிக்கிட்டா பேசுவாங்க? அந்த மனுஷன் இந்தக் கிளப்புக்கு விரலை உடைச்சுக் குடுத்திருக்காரு. ஒரு மேட்ச் கேட்டாரு. ஒண்ணு! அதையும் புடுங்கி அவன்கிட்டயே குடுக்கறீங்களே, சோறு திங்கறீங்களா வேற ஏதாவது திங்கறீங்களா?"

என் சத்தத்தில் துணி துவைக்கிற அம்மா முதல் புல் வெட்டுகிறவர் வரை எல்லோரும் வந்து ஜன்னலில் நின்றார்கள். காரியம் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தால் இவர் என்மேல் பாய்ந்தார். "யார் உன்னைப் போகச் சொன்னது? பொண்டாட்டியை விட்டு இடம் கேக்கறான்னு பேசுவாங்க. என் மானத்தை வாங்கிட்டியே!" இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பையன் குதித்துக்கொண்டு இறங்கி வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அண்ணி, கேட்டீங்களா? எங்க கிளப்பே என்னை ஆடச் சொல்லிட்டாங்க. நேர்ல பார்க்கணும்னு நினைக்கிறாங்க போல. எனக்கு அங்க இன்னும் இடம் இருக்கு!"

நான் கரண்டியைப் போட்ட வேகத்தில் தட்டு எகிறியது. இவர் அதைப் பிடிக்கவில்லை. பையனை நேராகப் பார்த்தார். அநேகமாக அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

"உன்னைப் பார்க்கறதுக்கு இல்லடா. கோல் போடறதுக்கு."

"என்ன அண்ணா?"

"மாசா மாசம் ஒருத்தன் வந்து மூலையில உட்கார்ந்திருந்தானே, அவனுக்குக் கண்ணு இல்லையா? மேல தூக்கிப் போட்டா நீ வெளிய வரமாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். நான் நின்னா வெளிய வருவேன். உனக்கு அனுமதி குடுத்தா அவங்களுக்கு வேலை சுலபம். அவ்வளவுதான் உன் மதிப்பு."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பிசைந்தார். பையன் உட்கார்ந்தபடியே இருந்தான். அவன் வாயில் வைத்த கவளம் அப்படியே இருந்தது, மெல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, கொஞ்ச நேரம்.

ஆட்டத்தன்று காலையில் அவன் முகம் வீங்கியிருந்தது. வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த இவரிடம், "அண்ணா, நீங்க சொன்னது நிஜமா?" என்று கேட்டான். "மத்தியானம் தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு இவர் முன்னால் போய்விட்டார்.

நான் சாதாரணமாக ஆட்டம் பார்க்கப் போகமாட்டேன். அன்று போனேன். எதற்கென்றால், அந்தப் பையன் கூடை கூடையாக வாங்கிக்கட்டிக்கொள்வதைக் கண்ணாரப் பார்க்க. மனதுக்குள் அப்படித்தான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்ணன், கடையைச் சாத்திவிட்டே வந்திருந்தான். கீழே பெஞ்சில் இவர். மேல்சட்டையைக் கழுத்துவரை ஜிப் போட்டிருந்தார். உள்ளே கீப்பர் சட்டை போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும், நான்தான் இஸ்திரி போட்டேன்.

இவர் சொன்னது அச்சு மாறாமல் நடந்தது. ஆட்டம் தொடங்கியதும் அவர்கள் நேராக ஓரத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்த் தூக்கிப் போட்டார்கள். திரும்பவும் போட்டார்கள். வேறு வேலையே செய்யவில்லை. மூன்றாவதோ நாலாவதோ பந்து உயரமாக, மெதுவாக வந்தது. பையன் கோட்டிலேயே நின்றான். அவனுக்கு இரண்டடி முன்னால் ஒருவன் நிதானமாக முட்டினான். கோல். பெரிய கிளப்பின் ஆட்கள் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தார்கள். பையன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். என் அண்ணன், "போச்சுடா" என்று தலையில் கை வைத்தான்.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

"டேய்! கோட்டுல பிசின் தடவியிருக்கா? வெளிய வாடா, நாயே!"

எழுந்து நின்றது என் வீட்டுக்காரர். ஜிப்பைக் கிழித்துக்கொண்டு நின்றார். சீசன் முழுக்க வாய் திறக்காத மனுஷன். சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கத்தவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தன் கண்முன்னே ஒரு பந்து இப்படிக் கேவலமாக உள்ளே போவதை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த பந்து மேலே எழும்பியதும், "இப்ப வா! வா! உன்னோடது! முழங்காலைத் தூக்கு!" பையன் வந்தான். கண்ணை மூடிக்கொண்டுதான் வந்திருப்பான். யாரோ இருவர் மேல் விழுந்தான், ஆனால் பந்தைக் குத்தி வெளியே தள்ளிவிட்டான். அதற்கடுத்ததை இன்னும் முன்னால் வந்து குத்தினான். அதற்கடுத்ததைப் பிடித்தே விட்டான். ஒவ்வொன்றுக்கும் இவர் மைதான ஓரம் வந்து நின்று திட்டினார். "தூங்கறியா? தோளால தள்ளு! உங்கப்பன் வீட்டுப் பந்து மாதிரி எடுடா!" அவர்களுக்கு வேறு வித்தை தெரியவில்லையோ என்னவோ, தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், பையன் எடுத்துக்கொண்டே இருந்தான்.

நடுவர் வந்து, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தார். பந்து எழும்பியதும் இவரும் எழும்பினார். மஞ்சள் அட்டை. திரும்பவும் எழும்பினார். இரண்டாவது மஞ்சள், சேர்ந்தாற்போல் சிவப்பு. பெஞ்சிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். போகிற போக்கில் நடுவரிடம், "பந்து உள்ளே போனாலும் கம்முனு கிடக்க நான் என்ன சோபாவா?" என்று வேறு கேட்டு வைத்தார். பதினைந்து வருஷமாகக் காத்திருந்த ஆட்டத்தில் இவர் செய்தது இவ்வளவுதான்.

படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீப்பர் சட்டை, விரல்களில் டேப். அண்ணன் வாயைத் திறக்கவில்லை, நகர்ந்து இடம் விட்டான். இவர் அங்கிருந்தும் கத்தினார். என் காது அடைத்துப் போனது. கடைசி வரைக்கும் அந்த ஒரு கோல்தான். தோற்றோம், ஆனால் ஊரே எழுந்து நின்று பையனுக்குக் கை தட்டியது. முந்தின வாரம் திருப்பிக் கொடு என்று கத்தின அதே வாய்கள். நானும் இவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த சில நாளில் இரண்டு செய்தி வந்தது. நடுவரிடம் பேசிய பேச்சுக்காக இவருக்கு மூன்று ஆட்டத் தடை. பையனைப் பெரிய கிளப் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம். "தேறிட்டான், எடுத்துக்கறோம்" என்றார்களாம், ஏதோ ஊறுகாய் ஜாடியைச் சொல்வது மாதிரி.

கூட்டிக்கொண்டு போக அந்தக் கோட்டுப் போட்ட ஆளே காரில் வந்தார். முதல் முறையாகப் பேசினார், நல்ல இனிமையான குரல். கையில் டேப்லெட். பையன் பெட்டியை இறக்க, இவர் வாங்கிக் காரில் வைத்தார்.

"ரொம்ப நன்றி சார். பையனை நல்லா பார்த்துக்கிட்டீங்க. நீங்கதானே வீட்டு ஓனர்?" என்றார் இவரிடம்.

இவர் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "இன்னொரு விஷயம். இங்க பெரிய கீப்பருக்கு ஏதோ தடையாம். கிளப்ல கேட்டாங்க. அதனால நாளைக்கே இன்னொரு சின்னப் பையனை லோன்ல அனுப்பறோம், சீசன் முடியற வரைக்கும். இதே ரூம் குடுத்துடுங்க. இந்த வீட்ல தங்கினா பசங்க நல்லா வர்றாங்க." சொல்லிக்கொண்டே டேப்லெட்டில் எதையோ தட்டினார். மாடியைப் பார்த்து, ஜன்னல் எத்தனை என்று எண்ணி, அதையும் தட்டினார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"சார், நானும் உங்க கிளப்லேருந்து லோன்ல வந்தவன்தான். பத்தொன்பது வயசுல. என்னை இன்னும் யாரும் கூப்பிடலையே?"

முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். அந்த ஆள் கோட்டுப் பொத்தான் அதிரச் சிரித்தார். "நல்ல ஜோக் சார்! இதை ஆபீஸ்ல சொல்றேன்."

"அவர் ஜோக் அடிக்கல சார்" என்றான் பையன். காருக்குள் உட்கார்ந்திருந்தவன் இறங்கி நின்றான். "இவர்தான் இங்க கீப்பர். அன்னைக்கு வெளிய அனுப்பினாங்களே, அது இவர்தான். நம்ம கிளப் ஆளு."

சிரிப்பு நின்றது. அந்த ஆள் அப்போதுதான் இவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்படியா? உங்க பேர் என்ன?" என்றார். இவர் சொன்னார். "ஓ" என்று தலையாட்டினார். டேப்லெட்டில் விரல் அசையவில்லை. பையனை ஏறச் சொன்னார். பையன் என்னிடம், "போயிட்டு வர்றேன் அண்ணி" என்றான். "வர வேண்டாம். போய்ச் சேர்" என்றேன். குரல் நான் நினைத்த அளவுக்குக் கடுமையாக வரவில்லை.

கார் திரும்பியதும் நான் தெருவென்றும் பார்க்காமல் ஆரம்பித்தேன். "நாளைக்கு இன்னொருத்தன் வர்றானாம்! மரம் மாதிரி நிக்கறீங்களே! அந்தக் கோச்சு மறுபடியும் ஒப்பந்தம் போட்டிருப்பாரு, தடை முடிஞ்சாலும் அவன்தான் நிப்பான், நீங்க பெஞ்சுலயே கிடந்து..."

"கோச் இப்ப ஆபீஸ்ல இருப்பாரா?" என்றார் இவர். கத்திக் கத்தித் தொண்டை இன்னும் கட்டித்தான் இருந்தது.

"இருப்பாரு. எதுக்கு?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்லணும். தடை முடிஞ்சதும் நான்தான் நிப்பேன்னு." வாசற்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினார். முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், திரும்பவும் போட்டார். "நீயும் வா."

"அன்னைக்குப் போனதுக்கு அந்தக் குதி குதிச்சீங்க?"

"குதிச்சேன்" என்றார். தலை நிமிரவில்லை. "பந்துக்குன்னா எனக்குக் கத்த வருது. எனக்குன்னு கத்த வரலடி. நீ வந்து கத்து."

நான் வீட்டைக்கூடப் பூட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.